விளைமீன் திசுவில் பி.சி.10 எதிர்ப்பொருள்: பயன்படுத்திப் பார்த்தவரின் மதிப்பீடு

மனித செல்களையும் எலித் திசுக்களையும் மனத்தில் வைத்து விற்கப்படும் ஓர் எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் பொருள்), பாம்பன் கரையில் இறங்கும் விளைமீனில் வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு, பி.சி.10 என்ற மோனோகுளோனல் (ஒரே செல் வழியில் உருவான) எதிர்ப்பொருளைப் பொறுத்தவரை தயங்காமல் வாங்கலாம் என்றே சொல்வேன். குப்பியோடு வரும் தகவல் தாளில் மீன் என்ற சொல்லே இல்லாவிட்டாலும் இந்தப் பரிந்துரையில் மாற்றமில்லை.

இந்த எதிர்ப்பொருள் தேடிப் பிடிப்பது பி.சி.என்.ஏ. என்ற புரதத்தை. ஒரே மாதிரியான மூன்று அலகுகள் சேர்ந்து மோதிரம்போல் டி.என்.ஏ. இழையைச் சுற்றி அமர்ந்து, இழையை இரட்டிப்பாக்கும் பாலிமரேஸ் நொதி பாதியில் நழுவிவிடாமல் பிடித்துக்கொள்வது இதன் வேலை. ஈஸ்ட் முதல் மனிதர் வரை இதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை என்பதால், எலியின் புரதத்துக்கு எதிராக உருவாக்கப்பட்ட பி.சி.10 பூச்சிகளிலும் சில ஈஸ்ட் வகைகளிலும்கூட அதை அடையாளம் காண்கிறது. விளைமீன் இனங்களில் பல, பெண்ணாக முதிர்ந்து பின்னர் ஆணாக மாறுபவை. அந்த மாற்றத்தின்போது இனச்சுரப்பியில் எந்தச் செல்கள் பிரிந்து பெருகுகின்றன என்று பார்க்க விரும்பும் மண்டபம் பகுதி ஆய்வாளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் முறையில், எதிர்ப்பொருளை 1:1000 விகிதத்தில் நீர்த்தால் தெளிவான ஒற்றைப் பட்டை கிடைக்கிறது. கணக்குப்படி இப்புரதத்தின் எடை ஏறத்தாழ 29 கிலோடால்டன்தான் என்றாலும், ஜெல்லில் அது 36-ஐ ஒட்டியே நிற்கும். இது பி.சி.என்.ஏ.வின் பழைய குணம். புதிதாக வரும் மாணவர்கள் வேறு புரதம் என்று எண்ணிக் குப்பியைக் குறை கூற வேண்டாம். பட்டை இழுபட்டுக் கலங்கலாகத் தெரிந்தால் முதலில் மீனைச் சந்தேகிக்க வேண்டும். விசைப்படகில் நெடுநேரம் ஐஸில் கிடந்த மீனைவிட, விடியலில் நாட்டுப்படகு கொண்டுவரும் மீன் எவ்வளவோ மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் காலத்திலும் அந்த மீன் கிடைக்கும் என்பது நமக்கு வசதி.

இதன் உண்மையான அருமை, மெழுகில் பதித்து மெல்லியதாகச் சீவி நிறமேற்றும் திசுச் சீவல்களில்தான் தெரிகிறது. மீன் விந்தகத்தில் செல்கள் சிறு சிறு உறைகளுக்குள் கூட்டமாக வளர்கின்றன. ஓர் உறைக்குள் இருப்பவை ஒரே வேளையில் பிரிகின்றன. அதனால் நுண்ணோக்கியில் ஓர் உறை முழுவதும் அடர்பழுப்பு உட்கருக்களோடும், ஒட்டியிருக்கும் அடுத்த உறை நிறமே ஏறாமலும், நடுக்குழியில் திரண்டிருக்கும் முதிர்ந்த விந்தணுக்கள் வெறும் நீலமாகவும் தெரிகின்றன. பிரிவதை நிறுத்திவிட்ட அந்த விந்தணுக்களே, அதே சீவலுக்குள் நமக்குக் கிடைக்கும் எதிர்மறைச் சான்று. இதற்குச் சீவலை பி.எச். 6.0 சிட்ரேட் கரைசலில் சூடாக்குவது கட்டாயம். ஃபார்மலினில் நாள்கணக்காக ஊறிய திசுவில் நிறம் மங்குகிறது.

மீன் திசுவில் வரும் இடர் ஒன்று தகவல் தாளில் எதிர்பார்க்க முடியாதது. மீனின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு. அவற்றின் ஹீமோகுளோபின், சீவலில் பழுப்பு நிறத்தை உண்டாக்கும் பெராக்ஸிடேஸ் நொதி போல நடந்துகொள்வதால், ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு முன்கூட்டியே அடக்காவிட்டால், இரத்தக் குழாய் நெடுகப் பழுப்பேறி, பிரியும் செல்களோ என்று மயங்க வைக்கும். கல்லீரலில் பயோட்டின் என்ற வைட்டமின் மிகுதி என்பதால், நிறமூட்டும் நொதியைப் பயோட்டின் வழியாக இணைக்கும் முறையைத் தவிர்த்து, பாலிமர் வழியாக இணைக்கும் முறையைக் கையாள்வது நல்லது. முதல் எதிர்ப்பொருளான பி.சி.10 சேர்க்காத ஒரு சீவலை ஒவ்வொரு முறையும் உடன்வைத்தால் இவ்விரண்டும் உடனே வெளிப்படும்.

நிறம் ஏறிய செல்லெல்லாம் அந்நேரம் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கிக்கொண்டிருக்கிறது என்று எழுதிவிட முடியாது. பி.சி.என்.ஏ. எளிதில் சிதையாத புரதம். இரட்டிப்பு முடிந்த பின்னும் உட்கருவில் தங்கும், டி.என்.ஏ. பழுதுபார்ப்பிலும் பங்கேற்கும். இழையோடு பிணைந்ததை மட்டும் காண வேண்டுமானால், வளர்ப்புச் செல்களை டிரைட்டன் என்ற சோப்புப் போன்ற பொருள் கொண்டு அலசிவிட்டுப் பின் நிலைப்படுத்த வேண்டும். பாரஃபின் மெழுகுச் சீவலில் அதற்கு வழியில்லை.

பொருளுக்கு இவ்வளவு மதிப்பெண் கொடுத்தாலும், அதைக் கொண்டுசேர்த்த விநியோகஸ்தருக்கு அவ்வாறு கொடுக்க மனம் வரவில்லை. ஒரு குப்பியின் விலை, இளநிலை ஆய்வாளர் பெறும் 37,000 ரூபாய் மாத உதவித்தொகையை ஒட்டி வருகிறது. அத்தனை விலைப் பொருளை ராமநாதபுரம் கூரியர் அலுவலகத்தில் இறக்கிவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பெட்டியைத் திறந்தபோது ஜெல் ஐஸ் முழுவதும் இளகித் தண்ணீராகியிருந்தது. எதிர்ப்பொருள் தாங்கிக்கொண்டது, எல்லாப் பொருளும் அப்படித் தாங்காது. வார இறுதியில் பார்சல் தங்காதபடி திங்கள்கிழமை அனுப்பச் சொல்லி ஆர்டரிலேயே எழுதிவிடுவது உத்தமம்.

இதே குளோனைப் (செல் வழியைப்) பல நிறுவனங்கள் விற்கின்றன. புரதச் செறிவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் நீர்ப்பு விகிதத்தை மட்டும் ஒப்பிட்டு விலை மலிவு என்று முடிவு செய்யக் கூடாது. தகவல் தாளில் இல்லாத உயிரினத்துக்குப் பெரும்பாலோர் உத்தரவாதம் தருவதில்லை. சிறு அளவுக் குப்பி இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். பி.சி.10, எதிர்ப்பொருள்களின் உட்பிரிவுகளில் ஐ.ஜி.ஜி.2ஏ வகையைச் சேர்ந்தது, ஐ.ஜி.ஜி.1-ஐ மட்டும் பிடிக்கும் இரண்டாம் எதிர்ப்பொருள் (முதல் எதிர்ப்பொருளில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுப்பது) ஆய்வகத்தில் இருந்தால் அது இதற்கு உதவாது, சுண்டெலியின் எதிர்ப்பொருள்களைப் பொதுவாகப் பிடிக்கும் இரண்டாம் எதிர்ப்பொருளைச் சேர்த்தே ஆர்டர் செய்ய வேண்டும்.