இரண்டாவது பைக் எது? தம்பியின் பட்டியலில் நான்கு பெயர்கள்

தம்பி அனுப்பிய பட்டியலில் நான்கு பைக்குகள் இருந்தன: ஹோண்டா சிபி500, யமஹா எம்டி-07, சுசூகி எஸ்வி650, யமஹா ஆர்6. மூன்று ஆண்டுகளாக 250 சிசி ஒற்றை சிலிண்டர் பைக் ஓட்டிப் பழகியவன் அவன். அடுத்து எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தான். ஆனால் ஆர்6 மீது மனம் ஏற்கெனவே போய்விட்டது என்பது, அதன் பெயருக்குப் பின்னால் அவன் போட்டிருந்த மூன்று ஆச்சரியக்குறிகளிலேயே தெரிந்தது. நான்கையும் வெவ்வேறு காலங்களில் ஓட்டியிருக்கிறேன் என்பதால் அவனுக்கு நீளமாகவே பதில் எழுதினேன். இதே இடத்தில் நிற்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதையே விரித்து எழுதுகிறேன்.

முதலில், சிசி எண்ணை வைத்து வரிசைப்படுத்தும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். சிபி500 உண்மையில் 471 சிசி. ஆர்6 599, எஸ்வி 645, எம்டி-07 689. இந்தக் கணக்கில் ஆர்6 இரண்டாவது சிறிய பைக். ஓட்டிப் பார்த்தால் நான்கில் மிகக் கடுமையானது அதுதான். எடையும் சிசியோடு சேர்ந்து ஏறவில்லை. பெட்ரோல் நிரப்பிய நிலையில் எம்டி-07 184 கிலோ, சிபி500 189, ஆர்6 190, எஸ்வி 198. பட்டியலிலேயே சிறிய இன்ஜின் கொண்ட பைக், பெரிய இன்ஜின் கொண்டதைவிட ஐந்து கிலோ கூடுதலாக இருக்கிறது.

அதிகபட்ச குதிரைத்திறனைப் பார்த்து முடிவெடுப்பதும் அதே அளவுக்குத் தவறு. சிபி500 47, எம்டி-07-உம் எஸ்வியும் ஏறத்தாழ 73, ஆர்6 118. தம்பியின் கண் அந்த 118-இல்தான் நின்றது. நான் அவனைப் பார்க்கச் சொன்னது, அந்தத் திறன் எத்தனை ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும்போது) கிடைக்கிறது என்பதை.

சிபி500, ஆர்6 இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் ஒன்றுதான்: 67 மில்லிமீட்டர். வேறுபாடு, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தில் இருக்கிறது. சிபி500-இல் அது 66.8 மில்லிமீட்டர், ஆர்6-இல் வெறும் 42.5. தூரம் குறைவு என்பதால் ஆர்6 இன்ஜினை மிக வேகமாகச் சுழல விடலாம். அதன் உச்சத் திறன் 14,500 ஆர்பிஎம்மில் வருகிறது. சிபி500-க்கு 8,600 போதும். டார்க் (இன்ஜினின் முறுக்குவிசை) கணக்கைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். ஆர்6-இன் உச்ச முறுக்குவிசை 61.7 நியூட்டன் மீட்டர், அதுவும் 10,500 ஆர்பிஎம்மில். எம்டி-07 ஏறத்தாழ 67 நியூட்டன் மீட்டரை 6,500 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடுகிறது. எஸ்வி 64, 6,800-இல். சிபி500 43, 6,500-இல்.

அன்றாடச் சாலையில் நாம் இருப்பது மூவாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் இடையில். அந்த இடத்தில் ஆர்6 சாதுவாகவே போகும். "இவ்வளவுதானா" என்றுகூடத் தோன்றும். எட்டாயிரத்தைத் தாண்டி முள் மேலே போகும்போதுதான் அது வேறொரு வண்டியாகிறது. அந்த மாற்றம் நிகழும் நேரத்தில் நாம் ஏற்கெனவே நல்ல வேகத்தில் இருப்போம், பெரும்பாலும் ஒரு முந்துதலின் நடுவில் இருப்போம். புதிதாக வந்தவருக்கு இதைவிட மோசமான பாடத்திட்டம் இருக்க முடியாது.

வலது கையின் பழக்கம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சிறிய ஒற்றை சிலிண்டர் பைக்கில் வேகம் வேண்டுமென்றால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக முறுக்குகிறோம். முறுக்கினாலும் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. அதனால் கையும் தயங்குவதில்லை. வளைவின் நடுவில் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டாலும் வண்டி மன்னித்துவிடும். மூன்று ஆண்டுகள் இப்படி ஓட்டிய கை, மூளையைக் கேட்காமலேயே அதைச் செய்யும். எனக்கு அது நடந்தது. 250-இல் இருந்து இறங்கி முதன்முதலாக எம்டி-07-ஐ ஓட்டிய அன்று, இடது பக்க வளைவு ஒன்றில் இரண்டாவது கியரில் பழைய பழக்கத்தில் ஆக்ஸிலரேட்டரைத் திறந்தேன். வண்டி நிமிர்ந்து, விரிந்து, நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை, அதனால் பிழைத்தேன். தவறு முழுக்க என் கையினுடையது. அன்றைய தினத்தை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சிபி500-ஐப் பற்றிப் பலரும் சொல்வது ஒன்றே: ஆறு மாதத்தில் சலித்துவிடும். எதில் இருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்தது அது. 25 குதிரைத்திறன் உள்ள 250-இல் இருந்து வருபவருக்கு இது ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டு சிலிண்டர்களின் சீரான ஓட்டம் மட்டுமே நெடுஞ்சாலையில் பெரிய விடுதலை. ஒரு மணி நேரம் ஓட்டி இறங்கினால் விரல்கள் மரத்துப்போவதில்லை. கவாசாகி நிஞ்சா 400 போன்ற ஒன்றிலிருந்து வருபவருக்கு நிலைமை வேறு. அது 168 கிலோ எடையில் 45 குதிரைத்திறன் அளவில் கொடுக்கும் பைக். அதை விற்றுவிட்டு சிபி500 வாங்கினால், கூடுதலாகக் கிடைப்பது இருபது கிலோ எடையும் சற்று வசதியான சீட்டும்தான்.

சிபி500-இன் 47 குதிரைத்திறன் தற்செயலாக வந்த எண் அல்ல. ஐரோப்பாவில் நடுத்தரத் திறனுள்ள பைக்குகளுக்கான ஏ2 ஓட்டுநர் உரிமம் அனுமதிக்கும் 35 கிலோவாட் எல்லைக்குச் சரியாகப் பொருந்தும்படி 2013-இல் வடிவமைக்கப்பட்டது. பெரிய இன்ஜினின் குரல்வளையை நெரித்து எல்லைக்குள் கொண்டுவந்த பைக்குகளில் ஒரு மந்தம் இருக்கும். இதில் அது இல்லை. 2019 முதல் ஸ்லிப்பர் கிளட்ச் வருகிறது. கியரை அவசரமாகக் குறைத்துக் கிளட்சைப் பட்டென்று விட்டாலும் பின்சக்கரம் துள்ளாது. கியர் இறக்குவதை இன்னும் சரியாகப் பழகாதவர்களுக்கு இது பெரிய துணை. 17.1 லிட்டர் டேங்கும், நூறு கிலோமீட்டருக்கு 3.5 லிட்டர் என்று நிறுவனம் சொல்லும் சிக்கனமும் சேர்ந்தால் ஒரு முறை நிரப்பி நானூறு கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். ஆர்6-க்கு அறிவிக்கப்பட்ட கணக்கு நூறு கிலோமீட்டருக்கு 6.6 லிட்டர். நீங்கள் தினமும் வேலைக்குப் போய்வரவும், விடுமுறையில் தொலைதூரம் போகவும் மட்டுமே பைக் தேடுகிறீர்கள் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். இதையே வாங்குங்கள். 2022 அல்லது அதற்குப் பிந்தையது கிடைத்தால் இன்னும் நல்லது. முன்சக்கரத்தில் இரட்டை டிஸ்க்கும், தலைகீழ் ஃபோர்க்கும் அந்த ஆண்டில்தான் வந்தன. 2024 முதல் இதன் பெயர் ஹார்னெட்.

உண்மையான போட்டி எம்டி-07-க்கும் எஸ்வி650-க்கும்தான்.

இரண்டும் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள் என்பது பார்வைக்குத் தெரியாது. எஸ்வியில் இரண்டு சிலிண்டர்கள் 90 டிகிரியில் விரிந்து நிற்கின்றன. எம்டி-07-இல் அவை பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, ஆனால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 270 டிகிரி. இதனால் இரண்டு இன்ஜின்களும் எரியும் தாளம் ஒன்றேதான்: 270 டிகிரி, பிறகு 450 டிகிரி, மீண்டும் 270. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்தச் சமனற்ற துடிப்பு இரண்டிலும் கேட்கும். வளைவிலிருந்து வெளியேறும்போது பின்டயர் சாலையைப் பிடிப்பது கைக்குத் தெரியும் சுகமும் இரண்டிலும் உண்டு. எஸ்வியின் 90 டிகிரி வி-ட்வின் (V வடிவில் நிற்கும் இரட்டை சிலிண்டர்) இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிஸ்டன்கள் உண்டாக்கும் முதன்மை அதிர்வு தானாகவே சமன்படுத்தப்படுகிறது. எம்டி-07-க்கு அதற்கென ஒரு பேலன்சர் தண்டு தேவைப்படுகிறது.

வேறுபாடு எங்கே வருகிறது? மீண்டும் பிஸ்டனின் தூரத்தில்தான். இரண்டின் சிலிண்டர் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்று (80, 81 மில்லிமீட்டர்). ஆனால் எம்டி-07-இன் ஸ்ட்ரோக் 68.6, எஸ்வியினுடையது 62.6. எம்டி-07 மூவாயிரத்திலேயே பலமாகத் தள்ளத் தொடங்குகிறது. முதல் கியரில் தாராளமாகத் திறந்தால் முன்சக்கரம் இலேசாகிவிடும். அகலமான ஹேண்டில்பார், நிமிர்ந்த அமர்வு, குறைந்த எடை எல்லாம் சேர்ந்து ஓட்டுபவரைக் குறும்புக்குக் கூப்பிடும் வண்டி அது. எஸ்வி அப்படி அழைப்பதில்லை. கையின் அசைவு எவ்வளவோ அவ்வளவு கொடுக்கும். ஆர்பிஎம் ஏற ஏறத் தானும் ஏறும். எட்டாயிரம் வரை அதே ஒழுங்கு. எம்டி-07-இன் இழுவை எனக்கு மிகவும் பிடிக்கும், இரண்டு கிலோமீட்டரில் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். ஆனால் புதிய கைக்குப் பொறுமையான ஆசிரியர் எஸ்விதான்.

எடைக் கணக்கில் எஸ்வி 14 கிலோ பின்தங்குகிறது. எண்ணாகப் பார்த்தால் பயமுறுத்தும். உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி. அதன் சீட் உயரம் 785 மில்லிமீட்டர், எம்டி-07-இல் 805. அதைவிட முக்கியம் இடுப்பின் அகலம். வி-ட்வினில் ஒரு சிலிண்டர் முன்னும் ஒன்று பின்னுமாக இருப்பதால் தொடைகளுக்கு இடையில் வண்டி மெலிந்து நிற்கிறது. கால் நேராகக் கீழே இறங்குகிறது. சீட் உயரத்தை மட்டும் படித்துவிட்டுப் பலர் ஏமாறுவது இங்கேதான். குட்டையானவர்கள் இரண்டிலும் உட்கார்ந்து பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

பின்டயரையும் கவனியுங்கள். எஸ்வியில் 160, எம்டி-07-இல் 180 மில்லிமீட்டர் அகலம். 180 பார்க்கக் கம்பீரம். ஆனால் 73 குதிரைத்திறனுக்கு 160 தாராளமாகப் போதும். வளைவில் சாய்ப்பதும் எளிது, டயர் மாற்றும்போது செலவும் குறைவு. 250-இன் மெலிந்த டயரில் பழகியவருக்கு இந்தச் சாயும் இலகு தெரிந்த ஒன்றாகவே இருக்கும்.

சஸ்பென்ஷனில் இரண்டுமே சிக்கனம் பார்த்தவை. 2014-இல் வந்த முதல் தலைமுறை எம்டி-07 மென்மையாக இருக்கும். வேகமாகப் பிரேக் பிடித்தால் மூக்கு நன்றாகவே குனியும். எஸ்வியின் முன்ஃபோர்க்கும் எளிமையானதுதான். 60 கிலோ எடையுள்ளவர் இதை உணரக்கூட மாட்டார். 85 கிலோவைத் தாண்டியவர்களுக்கு இரண்டிலும் ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருக்கலாம்.

பராமரிப்பில் மட்டும் எஸ்வி தோற்கிறது. பின் சிலிண்டர் டேங்குக்கு அடியில் நெருக்கமாக ஒளிந்திருக்கிறது. முன் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை அடைய ரேடியேட்டர் குறுக்கே நிற்கிறது. எம்டி-07-இல் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இதில் அரை நாள் இழுக்கும். சொந்தக் கையால் வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது உண்மையான குறை.

ஆர்6-க்கு இப்போது திரும்புகிறேன், ஏனென்றால் தம்பியின் மனம் இன்னும் அங்கேதான் இருக்கும். அது அற்புதமான இயந்திரம். பந்தயத் தடத்தில் அதன் முன்சக்கரம் சொல்லும் செய்தியை வேறு எந்தப் பைக்கிலும் நான் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. ஆனால் சீட் உயரம் 850 மில்லிமீட்டர். கைப்பிடிகள் தாழ்ந்திருப்பதால் குறைந்த வேகத்தில் உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். ஹேண்டில் சிறிதளவே திரும்பும், குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்ப முன்னும் பின்னுமாகத் தள்ள வேண்டும். 320 மில்லிமீட்டர் இரட்டை டிஸ்க்குகளை 250-இல் பிடித்த அழுத்தத்தில் பிடித்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை உணர்ந்தால் போதும். ஐரோப்பாவில் சாலைக்கான ஆர்6 2020-ஆம் ஆண்டு மாடலோடு நின்றுவிட்டது. ஆகவே பெரும்பாலும் பழையதாகத்தான் கிடைக்கும். அதில் எது தடத்தில் விழுந்து எழுந்தது, எது விழாதது என்று கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். மூன்றாவது பைக்காக வாங்கட்டும், நானே கூடப் போய்ப் பார்த்து வாங்கித் தருகிறேன் என்று எழுதினேன். அந்த வாக்கு இன்னும் நிற்கிறது.

என் தேர்வு எஸ்வி650. தினசரி ஓட்டமும் தொலைதூரமுமே நோக்கம் என்றால் சிபி500. 250-இல் பல ஆண்டுகள் ஓட்டி, வளைவில் ஆக்ஸிலரேட்டரை மில்லிமீட்டர் கணக்கில் திறக்கக் கை பழகிவிட்டது என்று தன்னைப் பற்றி உண்மையாகவே சொல்லிக்கொள்ள முடிந்தவருக்கு எம்டி-07. தம்பிக்கு அந்தக் கை இன்னும் வரவில்லை. அவன் ஓட்டும்போது பலமுறை பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

எஸ்வி 1999-இலிருந்து வருகிறது; இடையில் கிளாடியஸ் என்ற பெயரில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 2016-இல் பழைய பெயருக்குத் திரும்பியது. அதனால் பழையது வாங்குவோருக்கு வண்டியும் உதிரிபாகமும் ஓரளவு எளிதாகக் கிடைக்கும். 2016-க்கு முந்தையது வாங்கினால் முதல் வாரமே ஒரு வேலை இருக்கிறது. முன் சிலிண்டரின் பிளக் குழிக்கு ஒரு சிறிய வடிகால் துளை உண்டு. சேறு படிந்து அது அடைத்துக்கொண்டால் முன்சக்கரம் வாரியடிக்கும் மழைநீர் குழிக்குள்ளேயே தேங்கி, வண்டி ஒற்றை சிலிண்டரில் திணறும். மெல்லிய கம்பி ஒன்றை விட்டு அந்தத் துளையைச் சுத்தம் செய்துவிட்டு, பிளக் மூடியின் ரப்பர் நன்றாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மழையிலும் எடுத்துக்கொண்டு போகலாம்.