எந்தச் சுவர் பசுமையானது? சுட்ட செங்கல், ஏஏசி கல், அழுத்திய மண்கல்: ஓர் அலசல்

ஒரு கிலோ சுட்ட செங்கலையும் ஒரு கிலோ ஏஏசி கல்லையும் (நீராவியில் பதப்படுத்திய, காற்றுத்துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) அருகருகே வைத்து, அவற்றைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவைக் கணக்கிட்டால், செங்கலுக்கு ஏறத்தாழ 200 கிராமும் ஏஏசி கல்லுக்கு ஏறத்தாழ 280 கிராமும் வரும். இந்த இரண்டு எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, செங்கலே பசுமையானது என்று அடித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சுவரை யாரும் கிலோக் கணக்கில் கட்டுவதில்லை. ஒரு கன மீட்டர் செங்கல் 1,800 கிலோ அளவுக்குக் கனக்கும். அதே பருமனுள்ள ஏஏசி கல் 600 கிலோவைச் சுற்றியே இருக்கும். ஆகவே, எழுப்பி முடித்த சுவரில் ஒரு சதுர மீட்டரை அளவாகக் கொண்டு, சுட்ட செங்கல், ஏஏசி கல், சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல் ஆகிய மூன்றையும் இங்கே எடைபோடுகிறேன்.

முதலில் செங்கல். களிமண்ணை வார்த்து, உலர்த்தி, 900 முதல் 1,100 டிகிரி வரையிலான வெப்பத்தில் சுடுகிறோம். கரியமிலத்தின் பெரும்பகுதி இந்தச் சூட்டிலேயே வெளியாகிறது. எரிபொருள் எவ்வளவு செலவாகும் என்பதைக் களிமண்ணைவிடச் சூளையே முடிவு செய்கிறது. ஃப்ரீட்ரிக் ஹாஃப்மன் 1858இல் காப்புரிமை பெற்ற தொடர்சூளையில், ஓர் அறையில் சுட்டு முடித்த கற்களின் சூடு அடுத்த அறைக்குப் போகும் காற்றைச் சூடாக்கிக்கொண்டே நகர்ந்தது. அந்த ஏற்பாடு இல்லாமல் கற்களையும் விறகையும் மாறி மாறி அடுக்கிக் கொளுத்தும் பழைய காளவாசலில், சூட்டின் பெரும்பங்கு வானத்துக்குப் போய்விடும். அதே கல்லைச் சுட இருமடங்கு எரிபொருள்கூட ஆகலாம். எனவே செங்கலின் கரியமிலக் கணக்கு என்று ஒற்றை எண்ணைச் சொல்வது சௌகரியத்துக்காகவே. எந்தச் சூளையில் சுட்டது என்று கேட்காமல் வாங்கியவர், தன் சுவரின் கணக்கைப் பாதிதான் அறிந்திருக்கிறார். இதனுடன் வயலின் மேல்மண் இழப்பும் சேர்கிறது. அதற்குக் கரியமிலக் கணக்கில் இடமே இல்லை.

ஏஏசி கல் 1920களில் ஸ்வீடனில் யோஹான் ஆக்சல் எரிக்சன் என்ற கட்டடக் கலைஞர் உருவாக்கியது. அரைத்த மணல் அல்லது நிலக்கரிச் சாம்பல், சுண்ணாம்பு, சிமெண்ட், சிறிது ஜிப்சம் ஆகியவற்றை நீரில் கரைத்து, அதில் மிகக் குறைந்த அளவு அலுமினியத் தூளைச் சேர்ப்பார்கள். தூள் சுண்ணாம்புடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிட, கலவை பொங்கி இறுகும். பிறகு அதைக் கம்பியால் அறுத்து, 180 முதல் 200 டிகிரி வரையிலான நீராவியில், உயர் அழுத்தத்தில் பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். கல்லின் பருமனில் பெரும்பகுதி காற்றுதான். அதன் கரியமிலச் சுமையில் பெரும்பங்கு, நீராவிக் கொதிகலனைவிட அதற்குள் போகும் சுண்ணாம்பிலிருந்தும் சிமெண்டிலிருந்தும் வருகிறது.

மண்கல்லுக்கு நெருப்பே வேண்டாம். 1950களில் கொலம்பியாவின் பொகோட்டாவில் ராவுல் ராமிரெஸ் வடிவமைத்த சின்வா-ராம் என்னும் கை அழுத்தி இதன் நவீன வரலாற்றைத் தொடங்கிவைத்தது. சலித்த மண்ணில் 5 முதல் 8 சதவீதம் சிமெண்ட் கலந்து, இலேசாக ஈரப்படுத்தி, அச்சில் இட்டு அழுத்தி, பிறகு நான்கு வாரங்கள் ஈரம் காயாமல் நீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். சிமெண்ட் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 0.9 கிலோ கரியமில வாயுவைச் சுமந்து வருவதால், 6 சதவீதம் கலந்த மண்கல் கிலோவுக்கு 55 கிராம் அளவில் நிற்கும்.

இப்போது சதுர மீட்டருக்கு வருவோம். 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர் ஏறத்தாழ 415 கிலோ எடையும் 80 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கரியமிலமும் கொண்டது. 200 மில்லிமீட்டர் ஏஏசி சுவரின் எடை 120 கிலோ. கரியமிலம் 34 கிலோ. 240 மில்லிமீட்டர் மண்கல் சுவரின் எடை 455 கிலோ. கரியமிலம் 25 கிலோ. இருபுறமும் சிமெண்ட் பூசினால் இன்னும் ஏழு கிலோ வரை கூடும். செங்கலுக்கும் ஏஏசிக்கும் பெரும்பாலும் பூச்சு உண்டு. நன்றாக அழுத்திய மண்கல்லை, கூரை போதிய அளவு வெளியே நீண்டு மழையைத் தடுக்குமானால், பூசாமலே விடலாம். ஆக, கட்டும் நாளன்று மண்கல் முதலிடத்திலும், ஏஏசி அதை நெருங்கியும், செங்கல் இரண்டுக்கும் வெகு பின்னாலும் நிற்கின்றன.

இந்த வரிசையைக் குலைத்துப்போட முதலில் லாரி போதும். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகப் பெரிய லாரி ஏறத்தாழ 100 கிராம் கரியமிலத்தை வெளியிடுகிறது என்று வைத்துக்கொண்டால், 500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மண்கல் சுவரின் கணக்கில் சதுர மீட்டருக்கு 23 கிலோ கூடிவிடும். அதாவது, கல்லைச் செய்ததற்கு ஆனதை வழியிலேயே மறுபடி செலவழித்துவிடுகிறோம். ஏஏசிக்கு அதே தூரத்துக்கு 6 கிலோதான் கூடும். கனமான பொருள் மனையிலோ பக்கத்திலோ கிடைத்தால்தான் பசுமை. இதை நினைக்கும்போது லீட் என்னும் அமெரிக்கப் பசுமைக் கட்டடத் தரச்சான்றின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு நினைவுக்கு வருகிறது. 500 மைல், அதாவது 800 கிலோமீட்டர் தொலைவுக்குள் எடுத்துச் செய்த பொருளையும் அது உள்ளூர்ப் பொருளாகக் கணக்கிட்டுப் புள்ளி கொடுத்தது. பின்வந்த பதிப்பில் அந்தத் தூரம் 100 மைலாகச் சுருங்கியது நல்லதே.

இரண்டாவது, மனையின் மண். மண்கல் எல்லா மண்ணிலும் அமைவதில்லை. சிமெண்டால் பதப்படுத்தும் கல்லுக்கு மணற்பாங்கான மண் வேண்டும். மணல் பாதியளவும், களி ஐந்தில் ஒரு பங்கு அளவும் இருப்பது நல்லது. இதை அறிய ஆய்வகம் ஓட வேண்டியதில்லை. மேல்மண்ணை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து எடுத்த மண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் கால்பங்கு இட்டு, நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி அசையாமல் வைத்தால், முதல் ஓரிரு நிமிடங்களில் மணல் அடியில் படியும். அரைமணியில் வண்டல் அதன்மேல் இறங்கும். களி ஓர் இரவு முழுவதும் எடுத்துக்கொள்ளும். காலையில் புட்டியின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தால் மண்ணின் சாதகம் தெரிந்துவிடும். களி மிகுந்திருந்தால் மணல் சேர்க்கலாம். சுருங்கி விரியும் கரிசல் மண்ணில் சிமெண்டைக் கூட்டிக்கொண்டே போக நேரும், சிமெண்ட் 10 சதவீதத்தைத் தாண்டினால் மண்கல்லின் நியாயம் பாதி போய்விடும்.

ஈரப்பதத்துக்கும் ஒரு கைச்சோதனை உண்டு. கலந்த மண்ணை உள்ளங்கையில் உருண்டையாகப் பிடித்து, நீட்டிய கையின் உயரத்திலிருந்து கடினமான தரையில் விட்டால், நான்கைந்து கட்டிகளாக உடைய வேண்டும். தட்டையாகப் பரவினால் நீர் அதிகம். பொடிப்பொடியாகச் சிதறினால் நீர் போதவில்லை. அழுத்தியின் முன் நிற்பவர் இதை ஒவ்வொரு கலவைக்கும் செய்கிறாரா என்று கவனித்தாலே கல்லின் தரம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவது, வெப்பம். இங்கேதான் சண்டை சூடுபிடிக்கிறது. வெளியே உள்ளதைவிட அறைக்குள் 10 டிகிரி குறைவாக வைத்திருந்தால், ஒரு சதுர மீட்டர் செங்கல் சுவர் வழியாக 19 வாட் அளவிலும், பூசாத மண்கல் சுவர் வழியாக 23 வாட் அளவிலும் வெப்பம் உள்ளே வரும். ஏஏசி சுவர் 7 வாட்டுடன் நிறுத்திவிடும். குளிரூட்டி ஓடும் கட்டடத்தில் இந்த வேறுபாடு நேரடியாக மின்கட்டணத்தில் தெரியும். ஆண்டுக்கு 2,000 மணி நேரம் குளிரூட்டி ஓடுகிறது, உள்ளுக்கும் வெளிக்கும் சராசரி வேறுபாடு 5 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஏஏசி சுவர் மண்கல் சுவரைவிடச் சதுர மீட்டருக்கு 16 யூனிட் வெப்பத்தைக் குறைவாக உள்ளே விடும். ஒரு யூனிட் மின்சாரம் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றுமானால் மிச்சம் ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல். நிலக்கரி மிகுந்த மின்சாரத்தில் அது ஏறத்தாழ 4 கிலோ கரியமிலம். பூச்சையும் சேர்த்தால் ஏஏசி சுவர் கட்டும் நாளன்று மண்கல்லைவிட 16 கிலோ பின்தங்கியிருந்தது. அந்தக் கடன் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் தீர்ந்துவிடுகிறது. சூரிய மின்சாரத்தில் ஓடும் கட்டடத்தில் அது தீர நெடுங்காலம் பிடிக்கும்.

குளிரூட்டி இல்லாத வீட்டில் கதை வேறு. கனமான சுவர் பகல் வெப்பத்தை உறிஞ்சி ஏழெட்டு மணி நேரம் கழித்து உள்ளே விடும். பிற்பகல் இரண்டு மணிச் சூடு இரவு ஒன்பது, பத்து மணிக்கு அறையை எட்டும். இரவில் வெளிக்காற்று 12, 15 டிகிரி இறங்கும் வறண்ட நிலத்தில், சன்னல்களைத் திறந்துவிட்டால் சுவர் அந்த வெப்பத்தை வெளியே கொட்டிவிட்டு மறுநாளுக்குத் தயாராகிவிடும். அங்கே செங்கலும் மண்கல்லும் ஏஏசியைவிட இதமான அறையைத் தரும். இரவும் புழுக்கமாக, பகலைவிட ஐந்தாறு டிகிரி மட்டுமே குறைந்திருக்கும் கடலோரத்தில் கனமான சுவர் வெப்பத்தைக் கொட்ட இடமின்றி, படுக்கையறையை நள்ளிரவு வரை தகிக்க வைக்கும். வெப்பம் கடத்தும் திறனை மட்டும் அட்டவணையில் காட்டி ஏஏசியை எங்கும் வெற்றியாளராக அறிவிக்கும் விற்பனைத் தாள்கள் இந்த இரவு நேரத்தைப் பேசுவதே இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒரே தளமுள்ள வீட்டில் சுவரைவிடக் கூரை வழியாகவே வெயில் அதிகம் இறங்குகிறது. கூரையைச் சும்மா விட்டுவிட்டுச் சுவருக்காக மல்லுக்கட்டுவது வீண்வேலை.

நான்காவது, சுமை. மண்கல்லும் நல்ல செங்கலும் இரண்டு தளங்கள் வரை தாமே சுமை தாங்கும். அப்படிக் கட்டினால் கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் பெரும்பாலும் தேவைப்படா; நிலநடுக்கப் பகுதியில் மட்டும் பட்டைகளும் செங்குத்துக் கம்பிகளும் கட்டாயம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 300 கிலோ கரியமிலத்தைச் சுமக்கிறது; கம்பிக்குத் தனிக்கணக்கு. சிறிய வீட்டுக்குத் தூண் எழுப்பி, இடையில் ஏஏசியை நிரப்பி, அதைப் பசுமை வீடு என்று அழைப்பது எனக்கு உவப்பாக இல்லை. பத்து மாடிக் கட்டடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே சட்டகம் எப்படியும் உண்டு. சுவரின் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறையும்போது, தூணும் அடித்தளமும் கம்பியும் சேர்ந்து மெலிகின்றன. அந்த உயரத்தில் மண்கல்லுக்காக வாதாட மாட்டேன்.

வேலைத்திறன் பற்றிச் சுருக்கமாக. ஏஏசி சுவரில் நான் கண்ட விரிசல்களில் பெரும்பாலானவை கல்லின் குற்றம் அல்ல. செங்கலுக்குச் செய்து பழகிய கை, ஏஏசி கல்லையும் நீரில் ஊறவைத்து, 12 மில்லிமீட்டர் சிமெண்ட் கலவையில் அடுக்கிவிடுகிறது. ஊறிய கல் காயும்போது சுருங்கும். சுருக்கம் தூணும் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாகப் பிளக்கும். மேற்பரப்பை இலேசாக நனைத்து, 3 மில்லிமீட்டர் ஒட்டுக்கலவையில் அடுக்கி, தூண் சேரும் இடத்தில் வலை வைத்துப் பூசினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். கனமான அலமாரி மாட்டச் சாதாரணத் திருகு போதாது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

செங்கல்லே வேண்டும் என்பவருக்கு ஒரு வழி உண்டு. கற்களை நெட்டாக நிறுத்தி இடையில் வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டு, கேரளத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வேலைகளால் பரவலாக அறியப்பட்டது. அதே பருமனுள்ள சுவருக்குக் கால்பங்கு செங்கல் குறையும். கரியமிலம் 60 கிலோ பக்கம் இறங்கும். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் ஓரளவு தடுக்கும். திறமான சூளையின் கல்லும் சேர்ந்தால் ஏஏசியுடனான இடைவெளி மேலும் சுருங்கும்.

செங்கலுக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. அது சுவரை இடிக்கும் நாளில்தான் தெரியும். சுண்ணாம்புக் கலவையில் அடுக்கிய செங்கலைக் கரணையால் தட்டினால் கலவை உதிர்ந்து கல் முழுதாகக் கையில் வரும். இரண்டைத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தால் அடுத்த சுவருக்கு எடுத்துக்கொள்ளலாம். கெட்டியான சிமெண்ட் கலவையில் அடுக்கியதோ, கலவைக்கு முன் கல்லே உடையும். மண்கல்லை நொறுக்கி மறுபடி சலித்து அச்சில் போடலாம், சிமெண்ட் மட்டும் புதிதாக வேண்டும். ஏஏசி கல் இடிக்கும்போது பெரும்பாலும் துண்டுகளாகிவிடுகிறது. அந்தத் துண்டுகள் இன்று குழி நிரப்பவே அதிகம் போகின்றன.