ஊட்டியா, ஜிஎம்ஆர்டியா?

மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து ரேடியோ வானியலுக்குப் போகிறவர்கள், ராத்திரி பஸ் ஏறினால் விடியலில் போய்ச் சேரலாம் என்பதற்காக மட்டும் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

அது 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள்தான் அதன் ஆடி. சுமார் 11 பாகை மலைச்சரிவில், பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடப்பதால் ஒரே அச்சில் சுழற்றியே ஒரு மூலத்தை (ரேடியோ அலை வீசும் வான்பொருளை) ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். சூரியக் காற்றில் (சூரியனிலிருந்து பாயும் துகள்களில்) மூலங்கள் மினுக்குவதை அளக்க அருமையான கருவி. ஆனால் 326.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மட்டுமே வேலை செய்யும். நுணுக்கமான படம் வராது.

படம் வேண்டுமானால் புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி (ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி): 45 மீட்டர் டிஷ்கள் 30, சுமார் 25 கி.மீ. விரிவில். ஹைட்ரஜன் அணுக்கள் வெளியிடும் 1,420 மெகாஹெர்ட்ஸ் அலையான ஹைட்ரஜன் கோடும் கிடைக்கும். செல்போன் சிக்னல் புகுந்த அலைவரிசைகளை முதலிலேயே நீக்காவிட்டால் படம் கோடுகோடாகக் கெடும்.