பழைய ஃபிளாட்டா, புது டவரா? யூடிஎஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

சென்னை மேற்கு மாம்பலத்தில் முப்பது வருஷப் பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது, இரண்டாம் மாடி. ஏறக்குறைய அதே பட்ஜெட்டில் நாவலூர் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த டவரில் பதினோராவது மாடி. வீட்டில் ரொம்ப நாள் ஓடிய பஞ்சாயத்து. கடைசியில் மாம்பலத்தைத்தான் வாங்கினோம். அதனால் இதை நடுநிலையான அலசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தெரிந்த சங்கதிகளைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். டவரில் லிஃப்ட், ஜெனரேட்டர், மூடிய பார்க்கிங், பிள்ளைகள் ஓடியாட இடம். மாம்பலத்தில் நடக்கும் தூரத்தில் ஸ்டேஷன், காய்கறிக் கடை, மெட்ரோ வாட்டர். நாவலூர் இருக்கும் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவு மெயின்டெனன்ஸில் வந்து விடியும்.

பத்திரச் செலவு பலரும் நினைப்பதற்கு நேர்மாறு. மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். 2023 டிசம்பரிலிருந்து புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை 6, அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். புதுசுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் கட்டி முடிக்காத வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு (45 லட்சத்துக்குள் அடங்கும் சின்ன வீட்டுக்கு 1). 80 லட்சம் ஃபிளாட்டுக்குக் கூட்டினால் புதுசு 9 லட்சத்து 60 ஆயிரம், பழசு 7 லட்சத்து 20 ஆயிரம்.

இதெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது யூடிஎஸ், அதாவது மனையில் நமக்கு வரும் பிரிபடாத பாகம். கட்டடம் வருஷா வருஷம் தேயும். விலை ஏறுவது அடியில் இருக்கும் மண்ணுக்கு.

இரண்டு கிரவுண்டு, 4800 சதுர அடி, எட்டு வீடு, வீட்டுக்கு 900 சதுர அடி என்று வையுங்கள். மொத்தம் 7200, அதாவது மனையைப் போல் ஒன்றரை மடங்கு. அன்றைய எஃப்எஸ்ஐ (மனையைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) வரம்பு அதுதான். ஒவ்வொருவர் பங்குக்கும் 600 சதுர அடி மண் வருகிறது. உயரக் கட்டடத்துக்கு இன்று 3.25 வரை அனுமதி. அதை முழுக்கப் பயன்படுத்தி எழுப்பும் டவரில் 1200 சதுர அடி ஃபிளாட்டுக்கு 370 வந்தாலே பெரிது. மாம்பலம் கிரவுண்டு விலையும் நாவலூர் கிரவுண்டு விலையும் எங்கே எங்கே!

அடுத்தது, இடித்துக் கட்டும் நாள். 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ 2 ஆனது. அதே 4800-இல் இப்போது 9600 கட்டலாம். சாலை அகலமாக இருந்தால் கட்டணம் செலுத்தி பிரீமியம் எஃப்எஸ்ஐயும் வாங்கலாம். கூடுதலாக வரும் அந்த இடம்தான் பில்டருக்கு லாபம், நமக்குப் புது வீடு. முன்பெல்லாம் ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் காரியம் நின்றுவிடும். 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். டவரிலோ அனுமதித்ததை எல்லாம் ஏற்கெனவே கட்டியாயிற்று. நாளைக்கு இடித்தால் பில்டருக்கு எதைக் கொடுப்பது? எங்கள் கட்டடத்திலும் இன்னும் பேச்சளவுதான், கையெழுத்தாகவில்லை. தெரு குறுகலாக இருந்தால் பில்டர் எட்டிப் பார்ப்பதே சந்தேகம்.

பழசில் கோளாறு இருப்பதும் இந்த யூடிஎஸ்ஸில்தான். பத்திரத்தில் ‘ஏ’ ஷெட்யூலில் மொத்த மனை, ‘பி’ ஷெட்யூலில் நம் பாகம் என்று எழுதியிருப்பார்கள். நம் பாகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடையக் கூடாது. பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கே வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் எட்டு வீட்டுப் பத்திரமும் வரிசையாக வரும். எட்டு பாகத்தையும் கூட்டிப் பாருங்கள். கோடம்பாக்கத்தில் நாங்கள் முதலில் பார்த்த ஒரு வீட்டில் 4800 வர வேண்டிய கூட்டுத்தொகை 4100-தான் வந்தது. மிச்ச 700 மனைக்காரர் குடும்பத்தின் பேரிலேயே கிடந்தது. இடித்துக் கட்டும்போது அவர்களும் பங்கு கேட்டு வருவார்கள். மரியாதையாகக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம். அதேபோல் மொட்டை மாடி உரிமையை மேல்மாடிக்காரருக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, கடைசி மாடி சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த பிளானில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கட்டடத்தைப் பார்க்கும்போது ஹாலை விடுங்கள், பாத்ரூம் சீலிங்கை அண்ணாந்து பாருங்கள். பூச்சு உப்பிப் பெயர்ந்து கம்பி துருவாக எட்டிப் பார்த்தால் செலவு பெரிது. பால்கனியின் அடிப்பக்கமும் அப்படியே. வங்கியும் கட்டடத்தின் வயதைக் கேட்கும், கடன் வருஷத்தைக் குறைக்கும். முன்பணம் கொடுக்கும் முன் அதைப் பேசி முடித்துவிடுங்கள்.

டவரில் நான் குடியிருந்ததில்லை, உறவினர் வீட்டுக்குப் போய்வந்த பழக்கம்தான். அதில் மெச்ச வேண்டியது ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். பதிவு செய்த திட்டத்தில் நாம் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, கட்டுமானக் குறைக்கு ஐந்து வருஷம் பில்டரே பொறுப்பு. பழசில் இப்படிக் கேட்க ஆளில்லை. வீட்டில் முட்டி வலிக்காரர் இருந்தாலும், வேலை சிறுசேரியில் என்றாலும் நான் மேலே சொன்னதெல்லாம் எடுபடாது. டவருக்கே போய்விடுங்கள்.

பழைய ஃபிளாட்டை விற்பவர்கள் விளம்பரத்தில் ‘டைல்ஸ் புதுசு’ என்று போடுவதை விட யூடிஎஸ் எவ்வளவு, எதிரே சாலை எத்தனை அடி என்று போட்டால் விவரமானவர்கள் கூப்பிடுவார்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிக்கான பிடித்தம்) பிடித்துத்தான் பணம் தருவார், அதை வைத்துச் சண்டை வேண்டாம். தாய்ப்பத்திரம், பிளான் நகல், சொத்துவரி ரசீதோடு சங்கத்திடம் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மொட்டை மாடி வாட்டர் புரூஃபிங்குக்குத் தர வேண்டிய பாக்கி பதிவு நாளன்றுதான் பேச்சாக வெடிக்கும்.