சுண்ணாம்பா, உப்பா? போர்த் தண்ணீருக்கு நான் எடுத்த முடிவு

கீசரின் காயிலைக் கழற்றிக் கையில் கொடுத்தார் எலக்ட்ரீஷியன். விரல் தடிமனுக்கு வெள்ளை ஓடு. கோவையில் குடிக்கச் சிறுவாணி கிடைத்துவிடுகிறது. குளிக்க, துவைக்க போர்வெல்தான். பரிசோதித்ததில் மொத்தக் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 460 மில்லிகிராம். அதில் 300 தற்காலிகம், அதாவது கால்சியம் பைகார்பனேட்டால் வருவது.

கொதிக்க வைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை போகும், பள்ளியில் படித்ததுதான். பைகார்பனேட் சிதைந்து, கரையாத கார்பனேட்டாகப் படியும். கீசருக்குள் நடந்ததும் அதேதான்! டேங்க் தண்ணீரையெல்லாம் காய்ச்ச முடியாது என்பதால் இதை விட்டுவிடலாம்.

அடுத்தது சுண்ணாம்பு. அபர்டீன் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1841இல் காப்புரிமை பெற்ற முறை. நீற்றிய சுண்ணாம்பு பைகார்பனேட்டோடு வினைபுரிந்து, போட்ட சுண்ணாம்பும் தண்ணீரில் இருந்ததும் சேர்ந்தே கார்பனேட்டாக அடியில் இறங்கிவிடும். 500 லிட்டர் டிரம்முக்கு என் கணக்கு 111 கிராம். செலவு சில்லறைதான். ஆனால் ஒவ்வொரு டிரம்முக்கும் 300 கிராம் சேறு. தெளிய ஒரு ராத்திரி. அப்புறம் அடியைக் கலக்காமல் மேல்தண்ணீரை எடுக்க வேண்டும்.

அதைக்கூடச் சகிக்கலாம். அளவுதான் பிரச்சினை. ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீரின் கடினத்தன்மை குறைந்தது. நான் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தேன். மிஞ்சிய சுண்ணாம்பும் கால்சியம்தானே, கடினத்தன்மை திரும்பி வந்தது. தண்ணீரும் காரமாகித் தோல் வறண்டது. மெக்னீசியம் இருந்தால் அந்தப் பங்குக்கு இரட்டிப்புச் சுண்ணாம்பு வேண்டும். மாதாமாதம் சோதித்து அளவை மாற்ற ஆள் இருக்கும் இடத்துக்கு, ஊர்க் குடிநீர் நிலையம் மாதிரி, இது அருமையான முறை. வீட்டில் அந்த ஆள் நான்தான். தவிர, மீதி 160 நிலையான கடினத்தன்மையைச் சுண்ணாம்பு தொடவே தொடாது.

அதனால்தான் சாஃப்ட்னர். அதற்குள் இருக்கும் ரெசின் என்ற பிசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். சோடியம் தீர்ந்ததும் உப்புத் தண்ணீரில் கழுவினால் ரெசின் மறுபடி தயார். பைகார்பனேட் தண்ணீரிலேயே இருந்தாலும், சோடியத்தோடு சேர்ந்தது சூடுபட்டாலும் ஓடாகப் படியாது. தண்ணீர் மாறினால் அளவைத் திருத்த வேண்டியதில்லை. ரெசின் சற்று முன்னேயோ பின்னேயோ தீரும், அவ்வளவுதான். தினம் 500 லிட்டருக்கு, 25 கிலோ உப்பு மூட்டை எங்களுக்கு ஒன்றரை மாதம் வருகிறது. ராத்திரியில் தானே கழுவிக்கொள்கிறது.

குறையும் உண்டு. எங்கள் தண்ணீர் அளவுக்கு, மென்மையாக்கினால் லிட்டருக்குச் சுமார் 210 மில்லிகிராம் சோடியம் ஏறும், பி.பி. இருப்பவர்கள் இதைக் குடிக்கக் கூடாது. கழுவிய உப்புத் தண்ணீரை முதலில் தோட்டத்தில் விட்டேன். கறிவேப்பிலையின் இலை நுனிகள் கருகின. இப்போது குழாயைச் சாக்கடைக்கு மாற்றியிருக்கிறேன். ரெசினின் ஆயுளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை, எங்களுடையதற்கு 14 மாதம்தான் ஆகிறது. போன வாரம் கீசரைத் திறந்து பார்த்தோம். காயிலில் துடைத்தால் போகிற அளவுக்குத்தான் பொடி.