பழைய பந்தயக் காருக்கு ரப்பர் புஷ் கிட்

1960களின் பந்தயக் கார்கள் பலவற்றில் பின்சக்கரத்தைப் பிடித்திருப்பவை மேலே ஒரு லிங்க் (இணைப்புத் தண்டு), கீழே தலைகீழ் விஷ்போன் (அகன்ற பக்கம் சக்கரத்தை நோக்கிய V வடிவக் கை), முன்னோக்கி நீளும் இரண்டு ரேடியஸ் ஆர்ம் (நீளத் தண்டுகள்). மூட்டெல்லாம் உலோகம். ட்ராக்கில் அருமை, ரோட்டில் தூசியும் தண்ணீரும் புகுந்து லொடலொடக்கும், அதிர்வெல்லாம் நேராக சேசிஸில் இறங்கும்.

அப்படிப்பட்ட காரை ரோட்டில் ஓட்டுவதற்கான இந்த கிட்டில் (மாற்றுப் பாகத் தொகுப்பில்) ரப்பர் புஷ், அதாவது மூட்டில் அதிர்வை வாங்கும் ரப்பர் உருளை, ரேடியஸ் ஆர்மின் முன்முனைக்கு மட்டும்தான். மிகச் சரியான முடிவு! கீழ் விஷ்போனிலும் ரப்பர் வந்தால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் டோ-அவுட் ஆகி (அதன் முன்விளிம்பு வெளியே திரும்பி) வண்டி வாலை வீசும். அங்கே ரப்பர் உறை போட்ட உலோக மூட்டையே விட்டிருக்கிறார்கள்.

கிட்டின் ஸ்பிரிங் மென்மை, பம்ப் ஸ்டாப்பும் (ஸ்பிரிங் முழுதும் அமுங்கும்போது இடியைத் தாங்கும் கட்டை) நீளம். பள்ளத்தில் இறங்கினாலும் இடிக்கவில்லை. ஆனால் ஸ்பிரிங் மாறினால் டேம்பரின் (ஷாக் அப்சார்பரின்) ரீபவுண்டையும், அதாவது ஸ்பிரிங் திரும்ப விரிவதற்கு அது தரும் தடையையும், குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தடுத்த மேடுகளில் பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போகும். அதைப் பற்றிக் கிட்டோடு வரும் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. கட்டாயம் சேர்க்க வேண்டும்.