இரண்டாவது குழந்தை: உடனேயா, தள்ளியா, வேண்டாமா?

குறைந்த வருமானத்தில் ஓடும் வீட்டுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: ஒன்றோடு நிறுத்துவது, கையோடு அடுத்ததையும் பெற்றுவிடுவது, சில வருடம் தள்ளிப்போடுவது. நாங்கள் தள்ளிப்போட்டோம். இரண்டு பேருக்கும் ஐந்து வயது இடைவெளி. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஒன்றோடு நிறுத்தினால் செலவு குறைவு என்பதை விளக்க வேண்டியதில்லை. தனியாக வளர்ந்தால் குழந்தை ஏங்கிப்போகும் என்று பயமுறுத்துபவர்களை நான் பொருட்படுத்துவதில்லை.

எங்களை யோசிக்க வைத்தது பால், துணிமணிச் செலவு அல்ல. அதில் பாதி மூத்தவளுடையதே கைமாறி வந்துவிடும். நின்றுபோகும் கூலிதான் விஷயம். நான் துணி தைக்கிறேன். தைத்த உருப்படிக்குத்தான் காசு. விடுப்புச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது.

குடும்பங்களின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட, பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் பெயரில் ஓர் அளவுகோல் இருக்கிறது. முதல் பெரியவருக்கு 1, அடுத்த பெரியவருக்கு 0.5, 14 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 0.3. ஒரு குழந்தையுள்ள தம்பதிக்கு 1.8, இரண்டு என்றால் 2.1. வருமானம் 100 என்று வைத்துக்கொண்டு அந்த எண்ணால் வகுத்தால், ஆளுக்கு வரும் பங்கு சுமார் 56லிருந்து 48 ஆகிறது. இறுக்கிப் பிடித்தால் சமாளிக்கலாம். ஆனால் அந்த 100இல் என் கூலி 40. அது நின்றுவிட்டால் 60ஐ 2.1ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 29கூட இல்லை. குழந்தையால் குறைவது 8, கூலி நிற்பதால் குறைவது 19! இதை ஒரு பழைய பில்லின் பின்புறம் எழுதிப் பார்த்த அன்றுதான் எங்கள் விவாதம் முடிந்தது.

மூத்தவள் பிறந்தபோது கையில் எதுவும் இல்லை. அவள் நடக்கத் தொடங்கிய பிறகும் பிரசவக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தோம். இரண்டாவதுக்கு முன் எட்டு மாத வீட்டுச் செலவைச் சேர்த்தோம். அதற்கே மூன்று வருடம் ஆனது. அதற்குள் அவளும் பள்ளிக்குப் போய்விட்டதால், பகலில் ஒரு குழந்தையைப் பார்த்தால் போதும். கைக்குழந்தை தூங்கும் நேரத்தில் மெஷினில் உட்கார முடிந்தது.

உடம்புக்கும் இடைவெளி தேவை. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதம் விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அடுத்தடுத்துப் பெற்றால் இழந்த இரும்புச்சத்தை உடம்பு ஈடுகட்ட நேரம் கிடைப்பதில்லை. ஆனால் தள்ளிப்போடுவது என்பது வெறுமனே காத்திருப்பதல்ல. காப்பர் டி மாதிரி நம்பகமான கருத்தடை ஒன்று இல்லாவிட்டால் நம் கணக்கை உடம்பு கேட்காது.

கையோடு பெறுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, சரி. கூலி ஒரே தடவை நிற்கும். எனக்கு இரண்டு தடவை நின்றது. பகலில் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டிலேயே இருந்தால், அல்லது வயது 35ஐ நெருங்கிவிட்டால், என் கணக்கு அப்படியே பொருந்தாது.

எங்களுடையவர்கள் இன்னும் சின்னவர்கள். மேற்படிப்புச் செலவு வரும்போது இந்த ஐந்து வருட இடைவெளி கைகொடுக்குமா, இழுத்தடிக்குமா என்று இப்போது சொல்ல முடியவில்லை. மூன்றாவது பற்றிக் கேட்டால்? இன்னொரு எட்டு மாதச் செலவைச் சேர்க்க இப்போதைக்கு வழி இல்லை.